ஒரே தடிமனில் கோடு போட்டால் ஆழம் எங்கே போகிறது? (இராமேசுவரம் பிரகாரப் படம் இணைப்பு)

கிறுக்கல்காரன் | சனி, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தைப் பழைய நாள்காட்டிப் படம் ஒன்றைப் பார்த்து வரைந்தேன். ஏ3 தாள். பென்சிலில் இரண்டு நாள், மையில் ஒரு நாள். எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் சேரும்படி நூல் பிடித்து அளந்துதான் போட்டேன். பென்சிலில் இருந்தவரை நீண்ட நடைபாதையாகத்தான் தெரிந்தது. 05 எண் பேனாவால் மை போட்டுப் பென்சிலை அழித்ததும் அந்த நீளம் காணாமல் போய்விட்டது. முதல் தூணும் கடைசித் தூணும் ஒரே சுவரில் அடுத்தடுத்து ஒட்டிவைத்ததுபோல் இருக்கின்றன. அம்மா பார்த்துவிட்டு, "எதற்கடா இவ்வளவு பெரிய சீப்பை வரைந்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

எங்கே தவறு செய்தேன்? திட்டினாலும் பரவாயில்லை.

மைப்புட்டி | சனி, இரவு 10.15

திட்ட ஒன்றும் இல்லை தம்பி. தூண்கள் சிறுத்துக்கொண்டு போகும் கணக்கு சரியாகவே இருக்கிறது. பென்சிலில் ஆழம் தெரிந்ததற்கு ஒரு காரணம் சொல்கிறேன். முன்தூணை வரையும்போது கை தானாகவே அழுத்தியிருக்கும். தொலைவில் உள்ளதை வரையும்போது இடம் குறுகலாக இருக்கிறதே என்று மெதுவாகப் போட்டிருக்கும். நீங்கள் எண்ணிச் செய்யாத அந்த வேறுபாட்டை நார்முனைப் பேனா துடைத்துவிட்டது. எவ்வளவு அழுத்தினாலும் அது ஒரே கோட்டைத்தான் தரும்.

கடைசித் தூணின் அகலம் உங்கள் தாளில் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. அதன் இரண்டு விளிம்புகளுக்கும் முன்தூணுக்குப் போட்ட அதே தடிமனில் கோடு போட்டால் அதில் கால்வாசி மையாகிவிடுகிறது. முன்தூணில் மை ஒரு விளிம்பு, பின்தூணில் மையே தூண். அதனால்தான் தொலைவில் இருப்பது கறுத்துக்கொண்டு முன்னால் வருகிறது.

வரைமேசை | சனி, இரவு 10.52

ஐயா சொல்வது சரி. நான் கட்டட வரைபட அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவள். எங்கள் வேலையில் கோட்டின் தடிமன் ஒரு மொழி. வெட்டுப்படம் (கட்டடத்தை நடுவே வெட்டிப் பார்ப்பதுபோன்ற படம்) வரையும்போது வெட்டுப்பட்ட சுவருக்கு மிகத் தடித்த கோடு. வெட்டுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியும் சன்னல், படி போன்றவற்றுக்கு நடுத்தரம். அளவு காட்டும் கோடுகளுக்கும் தரையோடுகளுக்கும் இருப்பதிலேயே மெல்லியது. மூன்றையும் ஒரே பேனாவால் போட்டுக் கொடுத்தால் தளத்தில் இருக்கும் மேஸ்திரிக்கு எது சுவர், எது அளவுக்கோடு என்று புரியாது. அழகுக்காகச் செய்வதில்லை, செங்கல் தப்பான இடத்தில் ஏறிவிடும்.

உங்கள் படத்தில் முன்னால் நிற்கும் தூணின் விளிம்பும், நடைபாதைக் கல்லின் இடுக்கும், விதானத்தில் இருக்கும் பூவேலையும் ஒரே குரலில் பேசுகின்றன. இன்னும் இரண்டு பேனா வாங்கி மறுபடி போட்டுப் பாருங்கள்.

டெக்ஸ்_வாசகன் | ஞாயிறு, காலை 7.20

ஒரு மாற்றுக் கருத்து. தடிமன் மாறினால்தான் ஆழம் வரும் என்றால் டின்டின் சித்திரக்கதைகளை என்ன செய்வது? அவற்றை வரைந்த எர்ஜே முன்னால் நிற்கும் ஆளுக்கும் பின்னால் இருக்கும் மலைக்கும் ஏறக்குறைய ஒரே கோடுதான் போட்டார். அந்தப் பாணிக்கு 1977இல் நெதர்லாந்து ஓவியர் யோஸ்ட் ஸ்வார்ட்டே 'தெளிந்த கோடு' என்றே பெயர் வைத்தார். தட்டையாக இருக்கிறது என்று யாரும் புகார் சொன்னதில்லை.

மைப்புட்டி | ஞாயிறு, காலை 8.05

அங்கே ஆழத்தை வண்ணம் பார்த்துக்கொள்கிறது. மலைக்கு வெளிர்நீலம் அடித்துவிட்டால் கோடு எப்படி இருந்தாலும் மலை பின்னால் போய்விடும். தம்பியின் படத்தில் வண்ணம் இல்லை.

டெக்ஸ்_வாசகன் | ஞாயிறு, காலை 8.31

ஐயா, வண்ண ஆல்பங்கள் வரத் தொடங்கியது 1942இல்தான். அதற்கு முந்தையவை கறுப்பு வெள்ளை. அப்போதும் படம் புரிந்தது.

மைப்புட்டி | ஞாயிறு, காலை 9.10

மாட்டிக்கொண்டேன். ஆனால் அந்தப் படங்களில் அவர் எவ்வளவு வெள்ளை இடம் விட்டிருப்பார் என்று பாருங்கள். பின்புலத்தில் பாதியை வரையவே மாட்டார். எதைப் போடாமல் விடலாம் என்பது அவருக்குத் தெரியும். இராமேசுவரம் பிரகாரத்தில் எந்தத் தூணை விடுவீர்கள்? 1,212 தூண் என்று கணக்குச் சொல்லும் ஊர் அது.

கிறுக்கல்காரன் | செவ்வாய், இரவு 8.45

இரண்டாம் முயற்சியை இணைத்திருக்கிறேன். அக்கா சொன்னபடி 03, 08 இரண்டும் வாங்கினேன். முன்தூண்களுக்கு 08, நடுவில் இருப்பவற்றுக்கு 05, பின்னால் 03. முழுவதும் புதிதாக வரைந்தேன். விரல் நகத்தில் மை இன்னும் போகவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. பழைய படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்து, எது புதியது என்று தங்கையிடம் கேட்டேன். பழையதைக் காட்டினாள்.

வரைமேசை | செவ்வாய், இரவு 9.30

நான் முன்பே கேட்டிருக்க வேண்டும், என் தவறு. உங்களிடம் இருப்பது பிக்மா மைக்ரான்தானே? அதில் எழுதியிருக்கும் எண்ணை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 03 என்பது 0.35 மி.மீ., 05 என்பது 0.45, 08 என்பது 0.50. அதாவது உங்கள் முன்தூணுக்கும் நடுத்தூணுக்கும் உள்ள வேறுபாடு 0.05 மி.மீ.! தாளின் சொரசொரப்பும் கையின் நடுக்கமும் அதைவிட அதிகம். தங்கை மேல் குற்றம் இல்லை.

வரைபடப் பேனாக்களின் வரிசை 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7, 1.0 என்று போகும். ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. ஏ4 தாளை ஏ3 அளவுக்குப் பெரிதாக்கினால் நீளமும் அதே மடங்குதான் கூடும். 0.35இல் போட்ட கோடு பெரிதாக்கியதும் 0.5 ஆகிவிடும், அங்கே திருத்தம் செய்ய 0.5 பேனாவை எடுத்தால் பழைய கோட்டோடு இழைந்துவிடும். அதற்காகவே அமைத்த வரிசை. ஆனால் அதில் இன்னொரு பயனும் உண்டு. கோடு வேறாகத் தெரிய வேண்டுமானால் குறைந்தது அந்த அளவு இடைவெளி வேண்டும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு ஒரு படி தாண்டி எடுப்பேன், 0.18க்கு அடுத்து 0.35, அதற்கடுத்து 0.7 என்று.

எங்கள் அலுவலகத்தில் ராட்ரிங் பேனாக்கள் இருந்தன. மூடியில் வண்ண வளையம் இருக்கும், 0.25 வெள்ளை, 0.35 மஞ்சள், 0.5 பழுப்பு, 0.7 நீலம். "அந்த மஞ்சளைக் கொடு" என்றுதான் கேட்போம், எண் சொல்ல மாட்டோம். மை அடைத்துக்கொண்டால் காதருகே வைத்து ஆட்டுவோம். உள்ளே ஊசி 'டிக் டிக்' என்று ஆடினால் உயிரோடு இருக்கிறது என்று பொருள். சத்தம் வராவிட்டால் வெந்நீரில் ஊறப் போட வேண்டியதுதான், அன்றைய வேலை போயிற்று. டிரேசிங் தாளில் தவறு செய்தால் பிளேடால் சுரண்டுவோம். சுரண்டிய இடத்தில் மறுபடி கோடு போட்டால் மை பரவித் தடித்துவிடும். அந்தத் தடிப்பைப் பார்த்தே, யார் எங்கே தப்பு செய்தார்கள் என்று மூத்தவர் கண்டுபிடிப்பார்.

கதை நீண்டுவிட்டது. உங்களுக்குத் தேவை: 005 ஒன்று (அது 0.20). கையில் இருக்கும் 03. முன்தூணின் வெளிவிளிம்புக்கு 08ஆல் இரண்டு முறை, ஒன்றையொன்று ஒட்டினாற்போல. 05ஐ எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

புள்ளிக்கோலம் | புதன், காலை 6.10

நான் ஓவியம் படித்தவள் இல்லை, வாசலில் கோலம் போடுகிறவள். ஒன்று மட்டும் சொல்லலாமா? கோலப்பொடியை விரலிடுக்கில் விடும்போது கை எங்கே தயங்குகிறதோ அங்கே கோடு தடித்துவிடும். வளைவில் திரும்பும்போது, அடுத்து எந்தப் புள்ளி என்று யோசிக்கும்போது. தம்பியின் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூண்களில் கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சின்னச் சின்னக் கறுப்புப் பொட்டுகள் இருக்கின்றன. நின்று நின்று போட்டிருக்கிறீர்கள். அவை கடைசித் தூணிலும் இருப்பதால் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

மைப்புட்டி | புதன், காலை 9.00

அம்மா, இதை நான் கவனிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அவர் சொல்வதுதான் தம்பி. தடித்த இடம் எங்கே இருந்தாலும் கண் அங்கே போகும், நீங்கள் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும். பேனா தாளைத் தொடும் முன்பே கை நகரத் தொடங்கிவிட வேண்டும், எடுத்த பிறகும் சற்று நகர வேண்டும். விமானம் இறங்கி ஏறுவதுபோல. மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு நீளக்கோடு போடாதீர்கள், முழங்கையிலிருந்து வரட்டும். முன்தூண் அளவு நீளத்துக்குத் தோளிலிருந்தே வர வேண்டும்.

கிறுக்கல்காரன் | வியாழன், இரவு 11.20

மூன்றாம் முயற்சி. இம்முறை ஆழம் வந்துவிட்டது! கடைசித் தூண்கள் 005இல் போனதும் தாள் உள்ளே குழிந்ததுபோல் ஆயிற்று. தங்கையும் ஒப்புக்கொண்டாள்.

ஆனால் புதிதாக ஒரு சிக்கல். நாள்காட்டிப் படத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. வெளிச்சம் படும் பக்கம் மெல்லிய கோடு, நிழற்பக்கம் தடித்த கோடு என்று படித்திருக்கிறேன். அருகில் இருப்பது தடித்தது, தொலைவில் இருப்பது மெல்லியது என்று நீங்கள் சொல்கிறீர்கள். அப்படியானால் முதல் தூணின் இடப்பக்க விளிம்பு தடித்ததா, மெல்லியதா? கடைசித் தூணின் நிழற்பக்கம்? நான் குழம்பிப்போய் ஓரிடத்தில் இப்படியும் ஓரிடத்தில் அப்படியுமாகப் போட்டிருக்கிறேன். இன்னொன்று, முதல் தூண் அருகில் இருக்கிறதே என்று அதன் சிற்பவேலை முழுவதையும் 08இல் போட்டேன். இப்போது அது கரி பூசியதுபோல் இருக்கிறது.

மைப்புட்டி | வெள்ளி, காலை 10.30

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு விதியில் எது பெரியது என்று தேடாதீர்கள். இரண்டையும் ஒரே கோட்டில் வைக்க முடியும். முதல் தூணுக்கு ஒரு தடித்த கோடு, ஒரு மெல்லிய கோடு என்று இரண்டு எல்லைகளை வைத்துக்கொள்ளுங்கள். நிழற்பக்கம் 0.9, ஒளிப்பக்கம் 0.35 என்று இருக்கட்டும். நடுத்தூணுக்கு வரும்போது அந்த இரண்டு எல்லைகளும் நெருங்குகின்றன. 0.45, 0.3. கடைசித் தூணில் இரண்டும் 0.2. அங்கே ஒளிப்பக்கமும் நிழற்பக்கமும் ஒன்றுதான். தொலைவு கூடக்கூடக் கோடு மெலிவது பாதி உண்மை. தடித்ததற்கும் மெல்லியதற்கும் உள்ள வேறுபாடே சுருங்கிக்கொண்டு போவது மீதிப் பாதி. மாலையில் தொலைவில் இருக்கும் மலையைப் பாருங்கள். வெயில் படும் சரிவும் படாத சரிவும் ஏறக்குறைய ஒரே நீலமாகத்தான் தெரியும்.

சிற்பவேலை கரியானதற்கு வருகிறேன். அருகில் இருப்பதால் தடிக்க வேண்டியது தூணின் வெளிவிளிம்பு மட்டும். அந்த விளிம்புக்கு அப்பால் வெட்டவெளி, பத்தடி தள்ளி அடுத்த தூண். தாண்ட வேண்டிய தொலைவு அங்கே பெரிது. சிற்பத்தின் பூவிதழுக்கும் அதன் பின்னால் இருக்கும் கல்லுக்கும் தொலைவு அரை அங்குலம். அதற்கு எதற்கு 0.9? 005ஆல் போடுங்கள். இதழின் கீழ்ப்புறத்தில், நிழல் விழும் ஓர் இடத்தில் மட்டும் சற்று அழுத்தினால் போதும். விரலால் தடவிப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, எங்கே விரல் பள்ளத்தில் விழுகிறதோ அங்கே மட்டும்.

ஒரு தூண் இன்னொன்றை மறைக்கும் இடத்தை இப்போது பார்ப்போம். உங்கள் படத்தில் மேடையின் விளிம்புக் கோடு இரண்டாம் தூணுக்குப் பின்னால் போகிறது. நீங்கள் அதைத் தூணைத் தொடும்வரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். அரை மில்லிமீட்டருக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். அந்தச் சிறு வெள்ளை இடைவெளியில் தூண் தன்னால் முன்னே வரும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விட்டால் மேடை உடைந்ததுபோல் தெரியும், கவனம்.

தூண் மேடையில் ஊன்றும் அடிப்பகுதியையும் கவனியுங்கள். மற்ற எல்லா விதியும் அங்கே ஓய்வெடுக்கலாம். ஒளிப்பக்கமாக இருந்தாலும் அடிக்கோடு தடித்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை டன் கருங்கல்லும் காற்றில் மிதக்கும்.

நான் வாரப் பத்திரிகைகளுக்குப் படம் போட்ட காலத்தில் படத்தை அச்சடிக்கத் துத்தநாகத் தகட்டில் பிளாக் (அச்சுக்கட்டை) எடுப்பார்கள். தகட்டை அமிலம் அரிக்கும்போது மெல்லிய கோட்டை இரு பக்கமும் தின்றுவிடும், அச்சில் கோடு அங்கங்கே அறுந்து வரும். நெருக்கமான கோடுகளுக்கு நடுவே நியூஸ்பிரிண்டில் மை ஊறி அடைத்துவிடும். அதனால் அச்சாகும் அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவோம், எந்தக் கோடு பிழைக்கும், எது சாகும் என்று கணக்குப் போட்டபடி. முதல் இரண்டு ஆண்டு என் நாயகிகளுக்கெல்லாம் இமை முடியே இருக்காது, அமிலம் தின்றுவிடும்.

திரைப்பேனா | வெள்ளி, பிற்பகல் 1.15

நான் கணினியில் வரைகிறவன். எங்களுக்கும் அமிலம் இருக்கிறது ஐயா, அதன் பெயர் கைப்பேசி. படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதும் சுருங்கி, 005 கோடெல்லாம் சாம்பல் நிறப் புகையாகிவிடும். கிறுக்கல்காரனின் மூன்றாம் படத்தைக் கைப்பேசியில் பார்த்தபோது கடைசி ஐந்து தூண்கள் எனக்குத் தெரியவே இல்லை. நேரில் அருமையாக இருக்கும் என்று நம்புகிறேன்.

கணினியில் இருக்கும் பெரிய கண்ணி, உருப்பெருக்கிக்கொண்டே வரைவது. நானூறு விழுக்காட்டில் வைத்து வேலை செய்யும்போது தொலைவில் இருக்கும் தூணும் திரை முழுக்க நிற்கும், கை அதற்கும் முன்தூணுக்குரிய தடிமனைப் போட்டுவிடும். கிருத்தா என்ற வரைகலை மென்பொருளில் அதே படத்தை இன்னொரு சாளரத்தில் தபால்தலை அளவில் திறந்துவைத்துக்கொண்டுதான் வரைவேன். அந்தச் சின்னப் படத்தில் எது முன்னால், எது பின்னால் என்று தெரியாவிட்டால் பெரிய படத்தில் எவ்வளவு நுணுக்கம் இருந்தும் பயனில்லை.

வரைமேசை | வெள்ளி, மாலை 4.40

தாளில் வரைகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு எட்டு அடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். செலவில்லாத தபால்தலை.

டெக்ஸ்_வாசகன் | சனி, காலை 11.00

நான் விடுவதாக இல்லை. கிறுக்கல்காரனின் படத்தை வைத்து நானும் ஒன்று வரைந்து இணைத்திருக்கிறேன். முழுவதும் ஒரே 03 பேனா, ஒரு கோடுகூடத் தடிக்கவில்லை. ஆனால் விதானத்தையும் வலப்பக்க மேடையின் நிழலையும் தூரிகையால் முழுக் கறுப்பாக நிரப்பிவிட்டேன், சிற்பவேலையை முதல் இரண்டு தூண்களோடு நிறுத்திவிட்டேன். ஆழம் வருகிறதா இல்லையா?

மைப்புட்டி | சனி, காலை 11.45

வருகிறது. மறுக்க மாட்டேன். கறுப்பை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்கிறது உங்களுக்கு, டெக்ஸ் வில்லர் கௌபாய் சித்திரக்கதைகளைப் படித்தது வீண்போகவில்லை. ஆனால் உங்கள் படத்தில் நான் நடைபாதையில் நிற்கிறேன். தம்பியின் படத்தில் தூணைத் தொட முடிகிறது. கல்லின் கனம் கோட்டிலேயே இருக்கிறது.

ஒன்று சொன்னால் இருவருக்கும் பிடிக்கும். பிரான்சில் குளோத் மெல்லான் என்றொரு செதுக்கோவியர் 1649இல் ஏசுவின் முகத்தைச் செப்புத் தகட்டில் வெட்டினார். முகம் முழுவதும் ஒரே கோடு. மூக்கு நுனியில் தொடங்கிச் சுருள் சுருளாக வெளியே போகிறது. குறுக்குக்கோடு இல்லை, புள்ளி இல்லை, கறுப்பு நிரப்பல் இல்லை. உளியை ஆழமாக இறக்கினால் கோடு அகலும், மேலோட்டமாக ஓட்டினால் மெலியும். அந்த அகலக் குறுக்கத்திலேயே கண், தாடி, முள்முடி, வழியும் இரத்தம் எல்லாம் வந்துவிடுகின்றன. அச்சை அருகில் வைத்துப் பார்த்தால் வெறும் வளையங்கள்தான்.

டெக்ஸ்_வாசகன் | சனி, பகல் 12.10

தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் அரைமணி நேரம் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இவ்வளவு போதும் ஐயா.

கிறுக்கல்காரன் | ஞாயிறு, இரவு 10.05

நான்காம் படம். முதல் தூணின் சிற்பத்தை 005இல் மாற்றினேன். மேடைக்கோடுகளைத் தூணுக்கு முன்பே நிறுத்தினேன், இரண்டு இடத்தில் மறந்து தொட்டுவிட்டேன், தெரிகிறது. நடைபாதைக் கல் இடுக்குகளை முன்னால் 03இல் தொடங்கிப் பாதி தூரத்தில் 005க்கு மாற்றி, கடைசி ஐந்து தூண் இருக்கும் இடத்தில் போடாமலே விட்டுவிட்டேன். பொட்டுகள் ஏழு இருக்கின்றன, எண்ணினேன். புள்ளிக்கோலம் அக்கா மன்னிக்க வேண்டும்.

அம்மா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "இந்தக் கோடியில் யாரையாவது நடக்க விடலாமே" என்றார்.

ஒரு கேள்வி. இப்படிப் பேனா மாற்றி மாற்றிப் போடுவது அலுப்பாக இருக்கிறது. ஒரே கோட்டில் தடித்து மெலிய வேண்டுமானால் நிப்பு வாங்கலாமா?

மைப்புட்டி | ஞாயிறு, இரவு 10.40

வாங்குங்கள். மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதை வரைகிறவர்கள் பயன்படுத்தும் ஜி நிப்பு கிடைக்கிறது. அழுத்தினால் முனை இரண்டாகப் பிரிந்து கோடு அகலும், விட்டால் சேர்ந்துகொள்ளும். கீழ்நோக்கி இழுக்கும்போது மட்டும் அழுத்துங்கள். மேல்நோக்கித் தள்ளினால் முனை தாளில் குத்தி மை தெறிக்கும். தாளைத்தான் திருப்ப வேண்டும்.

புது நிப்பில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைப் போக்காமல் தோய்த்தால் மை முத்து முத்தாக உருண்டு நிற்கும், கோடு வராது. பற்பசையைத் தொட்டு மெதுவாகத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள். முதல் நாள் தூண் வரைய வேண்டாம், பழைய செய்தித்தாளின் ஓரத்தில் வாழையிலை போடுங்கள். நடுநரம்பு தடித்துத் தொடங்கி நுனியில் ஒன்றுமில்லாமல் போக வேண்டும். நூறு இலை.

புள்ளிக்கோலம் | திங்கள், காலை 6.02

நூறு இலையையும் இங்கே போடுங்கள் தம்பி. பொட்டு எண்ண நான் இருக்கிறேன்.